மாடு ஏன் கவரைத் தின்கிறது? பிளாஸ்டிக் குப்பை பற்றி நம்ம வேலூர் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பழைய வட ஆற்காடு முழுக்க மாடு வைத்திருப்பவர்கள், ஓட்டல் வைத்திருப்பவர்கள், வீட்டில் குப்பை கட்டுபவர்கள் எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பிளாஸ்டிக்கை உலகத்தை விட்டே ஒழிப்பது எப்படி என்று இதில் தேட வேண்டாம். மீந்த சோற்றையும் கவரையும் சேர்த்து முடிச்சுப் போட்டு வீசும் பழக்கத்தைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன். நம்ம ஊர் ஆடு மாடுகளுக்கு வரும் கேடு பெரும்பாலும் அந்த முடிச்சில்தான் இருக்கிறது.

மாட்டுக்கு அறிவில்லையா? புல் இருக்க கவரை ஏன் தின்கிறது?

மாடு கவரைத் தின்ன வரவில்லை, உள்ளே இருப்பதைத் தின்ன வருகிறது. ஒரு பிரியாணிப் பார்சலைப் பாருங்கள். சோறு ஒரு பெரிய கவரில், தயிர்ப் பச்சடி ஒரு குட்டிக் கவரில், கத்தரிக்காய்த் தொக்கு இன்னொன்றில், ஒவ்வொன்றிலும் ரப்பர் பேண்ட் இறுக்கிச் சுற்றியிருக்கும். சாப்பிட்டு முடித்ததும் எலும்பு, மீந்த சோறு, பச்சடிக் கவர், இலை எல்லாவற்றையும் அதே பெரிய கவரில் போட்டு வாயை முடிந்து தெருமுனையில் வீசுகிறோம். முடிச்சை அவிழ்க்க மாட்டுக்குக் கை இல்லை. உப்பும் எண்ணெயும் புளிப்பும் கலந்த வாசனை மட்டும் மூக்கில் ஏறுகிறது.

மாடு தின்கிற விதமும் இதற்குத் தோதாக அமைந்துவிட்டது. அதற்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. நாக்கைச் சுழற்றி வளைத்து அப்படியே இழுத்து விழுங்கிவிட்டு, பிறகு சாவகாசமாகப் படுத்து அசை போடும். வாயில் போவது வைக்கோலா, கவரா, கம்பியா என்று பிரித்துப் பார்க்கும் வேலை அந்த நேரத்தில் நடப்பதில்லை. ஆடு உதட்டால் பொறுக்கித் தின்னும், அதனால் ஓரளவு தப்பிக்கிறது, ஆனால் பசி முற்றினால் ஆடும் தின்னும்.

இன்னொரு காரணமும் உண்டு. தாது உப்பு, முக்கியமாகப் பாஸ்பரஸ், குறைந்த மாடு சுவரை நக்கும், கயிறு மெல்லும், எலும்பு கடிக்கும், துணி தின்னும். அப்படிப்பட்ட மாடு காலிக் கவரைக்கூட விடாது. தீவனத்தோடு தாது உப்புக் கலவை சேர்த்துப் போடச் சொல்லி கால்நடை மருத்துவர்கள் தலையில் அடித்துக்கொள்வது இதற்காகவும்தான்.

தின்றால் என்ன, சாணத்தோடு வந்துவிடாதா?

வராது. மாட்டு வயிறு நான்கு அறை கொண்டது. முதல் அறை பெரிய தொட்டி மாதிரி, தின்றதெல்லாம் அங்கேதான் ஊறும். அங்கிருந்து அடுத்தடுத்த அறைக்குப் போகிற வழி குறுகல், நன்றாக அரைபட்டு மசிந்தது மட்டும்தான் அதில் நுழையும். கவர் அரையாது, மசியாது, எந்த நுண்ணுயிரும் அதைச் செரிக்காது. இன்று தின்ற கவரோடு நாளைக்குத் தின்னும் சணல் சேரும், அதோடு ரப்பர் பேண்ட், அதோடு சாக்கு நூல், இப்படி முறுக்கிக்கொண்டு மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஒரு பந்தாக உருளும்.

2019 அக்டோபரில் சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் திருமுல்லைவாயிலைச் சேர்ந்த ஒரு பசுவுக்கு அறுவை சிகிச்சை செய்து எடுத்தது 52 கிலோ. 2021-ல் ஹரியானாவின் பரிதாபாத்தில் ஒரு சினைமாட்டின் வயிற்றில் 71 கிலோ இருந்தது. அந்த மாடும் பிழைக்கவில்லை, கன்றும் பிழைக்கவில்லை. வயிற்றில் அவ்வளவு அடைத்திருந்தால் மாட்டுக்குப் பசியே தெரியாது. நிறைந்த வயிற்றோடு பட்டினி கிடந்து சாகும்.

என் மாட்டுக்கு இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

தீவனம் எடுப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். அசை போடுவது குறையும். பால் இறங்கும். சாணம் கொஞ்சமாகவோ இறுகலாகவோ வரும். இடது பக்க வயிறு அடிக்கடி உப்பிக்கொள்ளும், மருந்து கொடுத்தால் வடியும், சில நாளில் மறுபடி உப்பும். இந்தத் திரும்பத் திரும்ப வரும் உப்புசத்தைத்தான் சாதாரண அஜீரணம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

செவ்வாய்க்கிழமை பொய்கை சந்தையில் மாடு பிடிக்கப் போகிறவர்களுக்கும் இது பயன்படும். வயிறு மட்டும் நிறைந்து, விலா எலும்பும் இடுப்பெலும்பும் துருத்திக்கொண்டிருந்தால் "நல்லா தின்னுது, வயித்தைப் பாரு" என்று தரகர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். கொஞ்ச நேரம் நின்று அசை போடுகிறதா என்று பாருங்கள். டவுனில் தெருவில் திரிந்து வளர்ந்த மாடா என்றும் விசாரியுங்கள்.

கவரோடு ஆணி, ஊசி, கட்டுக்கம்பி போயிருந்தால் கதை இன்னும் மோசம். அது இரண்டாவது அறையில் தங்கும். அந்த அறைக்கும் இதயத்துக்கும் நடுவே வயிற்றையும் நெஞ்சையும் பிரிக்கும் மெல்லிய திரையான உதரவிதானம்தான், கம்பி அதைக் குத்திக்கொண்டு போய் இதயத்தைச் சுற்றிய உறையில் சீழ் பிடிக்க வைக்கும். முன்னங்காலை அகட்டி நிற்பது, மேட்டிலிருந்து இறங்கத் தயங்குவது, கழுத்துக்குக் கீழே வீங்குவது எல்லாம் அதற்கு அடையாளம்.

கவர் அடைப்புக்கு வழி அறுவை சிகிச்சைதான். இடது விலாப் பக்கம் மரத்துப்போக ஊசி போட்டு, பெரும்பாலும் மாட்டை நிற்க வைத்தே வயிற்றைத் திறந்து கையால் அள்ளி எடுப்பார்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் பிழைக்கும். யாரோ சொன்னார்கள் என்று வீட்டிலேயே வாயைப் பிளந்து எண்ணெயை ஊற்றாதீர்கள், அது நுரையீரலுக்குள் போய்விட்டால் கவருக்கு முன்னாலேயே எண்ணெய் கொன்றுவிடும்.

அந்த மாட்டுப் பாலைக் குடிக்கலாமா?

வயிற்றில் இருக்கும் கவர் அப்படியே பாலில் வராது. ஆனால் பிளாஸ்டிக் உடைந்து உடைந்து 5 மில்லிமீட்டருக்கும் சிறிய துகளானால் அது எங்கே போகும் என்பதற்கு எல்லையே இல்லை. 2022-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் 22 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 17 பேரிடம் பிளாஸ்டிக் இருந்தது. அந்தப் பதினேழு பேரும் தெருமாட்டுப் பால் குடித்தவர்கள் இல்லை. தண்ணீர், காற்று, சாப்பாடு என்று எல்லா வழியிலும் வருகிறது. குப்பைமேட்டில் மேயும் மாட்டுப் பாலில் எனக்குப் பெரிய கவலை, அது கவரோடு சேர்த்துத் தின்னும் பேட்டரி, பெயின்ட், கெட்டுப்போன மருந்து இவற்றைப் பற்றித்தான். வாங்காமல் இருப்பது நல்லது.

மாடு மட்டும்தானா?

இல்லை. தெருநாய் பிளாஸ்டிக் ஜாடிக்குள் தலையை விட்டுவிட்டு எடுக்க முடியாமல் தண்ணீர்கூடக் குடிக்காமல் அலையும். ஏலகிரி மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் காரை நிறுத்திச் சிப்ஸ் பாக்கெட்டைத் தூக்கிப் போடுகிறவர்கள் குரங்குக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொள்கிறார்கள். குரங்கு பாக்கெட்டைக் கடித்துக் கிழிக்கும், உப்பு ஒட்டிய துண்டையும் மென்று விழுங்கும், மீதி பள்ளத்தில் உருண்டு காட்டு விலங்குகளுக்குப் போகும். திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை ஒட்டிய காட்டில் புள்ளிமான்கள் இருக்கின்றன. மானும் அசை போடும் பிராணிதான், மாட்டுக்கு என்ன ஆகுமோ அதேதான் அதற்கும். மாட்டுக்காவது டாக்டர் உண்டு, மானுக்கு யார் வயிற்றைத் தொட்டுப் பார்க்கப் போகிறார்கள்? பௌர்ணமிக்கு அன்னதானம் போடுகிறவர்கள் புண்ணியத்துக்குத்தான் போடுகிறார்கள், அந்தத் தட்டு எங்கே போய் விழுகிறது என்பதையும் அந்தப் புண்ணியக் கணக்கில் சேர்த்துக்கொண்டால் தேவலை.

பறவைகளுக்கு நைலான் நூல். கூடு கட்ட எடுத்துப் போகும், குஞ்சின் காலில் சுற்றிக்கொள்ளும்.

கடல் ஆமை, திமிங்கிலம் என்கிறார்கள். வேலூருக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?

பாலாறுதான் சம்பந்தம். கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் கிளம்பி, ஆந்திராவைத் தொட்டு, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆற்காடு என்று வந்து, கல்பாக்கம் பக்கத்தில் வயலூரில் கடலில் கலக்கிறது. மொத்தம் 348 கிலோமீட்டர், அதில் 222 தமிழ்நாட்டில். வருடத்தில் பெரும்பாலான நாள் மணலும் சீமைக்கருவேலமுமாகக் கிடப்பதால் ஆற்றை நாம் குப்பை போடும் பொறம்போக்காகவே நினைத்துப் பழகிவிட்டோம். 2021 நவம்பரில் வந்தது பாருங்கள் வெள்ளம். பல வருடமாகக் கரையில் சேர்த்து வைத்ததையெல்லாம் ஒரே வாரத்தில் வாரிக்கொண்டு போனது. தண்ணீர் வடிந்த பிறகு கருவேல மரங்களில் ஆள் உயரத்துக்கு மேலே கவர்கள் கொடி கட்டித் தொங்கின. தொங்கியது மாட்டிக்கொண்டது மட்டும், மாட்டாதது வயலூருக்குப் போய்விட்டது.

அந்தக் கடற்கரையில்தான் ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. தண்ணீரில் மிதக்கும் கவர் அவற்றின் கண்ணுக்கு ஜெல்லி மீன் மாதிரி இருக்கும் என்பது எல்லாரும் சொல்வது. கண் மட்டும் இல்லை, மூக்கும் ஏமாறுகிறது. கடலில் கொஞ்ச நாள் கிடந்த பிளாஸ்டிக்கின் மேல் பாசியும் நுண்ணுயிரும் படர்ந்து இரையின் வாசனையே வந்துவிடுகிறது, ஆமைகள் அந்த வாசனையை இரை என்றே எடுத்துக்கொள்வதை 2020-ல் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். நம்ம தெரு மாட்டுக்கும் கடல் ஆமைக்கும் நடப்பது ஒரே ஏமாற்றுதான்.

பாலாற்றைக் கெடுத்தது தோல் தொழிற்சாலை. அதை விட்டுவிட்டு எங்கள் கவரைப் பிடித்துக்கொண்டு ஏன் தொங்குகிறீர்கள்?

கேள்வி நியாயம். பாலாற்றின் நிலத்தடி நீர் உப்பாகிப் போனதற்குக் கவர் காரணம் இல்லை, தோல் கழிவுநீர்தான் காரணம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்பதை இந்தியா முழுமைக்கும் சட்டமாக்கியது. அதற்குப் பிறகும் தீராமல் 2025 ஜனவரியில் மறுபடி உச்ச நீதிமன்றமே பேச வேண்டியிருந்தது. அதை யாரும் மறக்க வேண்டாம், கேட்பதை நிறுத்தவும் வேண்டாம். ஆனால் அந்த வழக்கு முடிகிற வரைக்கும் தெருமுனையில் சோற்றை முடிந்து போடலாம் என்று அதில் எங்கேயும் எழுதவில்லை.

எரித்துவிட்டால் தீர்ந்தது இல்லையா?

கண்ணுக்குத் தெரிவது தீரும். பி.வி.சி. கலந்த குப்பை திறந்தவெளியில் எரிந்தால் டையாக்சின் என்ற நஞ்சு வரும். அது காற்றோடு போய்ப் புல்லில் படியும், புல்லைத் தின்ற மாட்டின் கொழுப்பில் சேரும், பாலில் வரும், லேசில் அழியாது. தெர்மாகோல் எரிந்தால் வரும் கரும்புகையை முகர்ந்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். மார்கழி மாதம் விடிகாலையில் புகை மேலே ஏறாமல் தரையோடு தங்கும், சுற்றிலும் மலை வேறு. போகி அன்றைக்கு டயர் கொளுத்துகிற வீட்டில் ஆஸ்துமா பிள்ளையும் இருக்கும், அதுதான் புரியவில்லை.

தடை போட்டாயிற்றே, அப்புறம் எப்படிக் கடையில் கிடைக்கிறது?

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பொருள்களுக்குத் தடை. நாடு முழுக்க 2022 ஜூலை 1 முதல் ஸ்ட்ரா, ஸ்பூன், தட்டு, கப் போன்றவற்றுக்குத் தடை. கேரி பேக்கின் தடிமன் 120 மைக்ரானுக்கு, அதாவது 0.12 மில்லிமீட்டருக்கு, குறையக் கூடாது என்பது அதே 2022 கடைசியிலிருந்து. "மீண்டும் மஞ்சப்பை" 2021 டிசம்பரில் வந்தது. சட்டத்துக்குக் குறைவில்லை. சோதனை வரும்போது மேசைக்கு அடியில் போகும், போனதும் மேலே வரும். தள்ளுவண்டிக்காரரிடம் பறிமுதல் செய்வதில் காட்டும் சுறுசுறுப்பைத் தயாரிக்கும் இடத்தில் காட்டினால் தள்ளுவண்டிக்கு வரவே வராது என்பது என் அபிப்பிராயம்.

ஜவுளிக்கடையில் துணிப்பை கொடுக்கிறார்களே, அது சரிதானே?

துணி மாதிரி இருப்பதெல்லாம் துணி இல்லை. நெய்யாமல் அழுத்தி ஒட்டிய, புள்ளி புள்ளியாக அச்சு விழுந்த பை பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். 2019-ல் வந்த தமிழ்நாட்டுத் தடைப் பட்டியலில் அதையும் சேர்த்தார்கள். ஓரத்தில் ஒரு சின்னத் துண்டைக் கிள்ளித் தீயில் காட்டுங்கள். சுருண்டு உருகி மணியாகக் கெட்டிப்பட்டால் பிளாஸ்டிக், சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி.

டீக்கடை பேப்பர் கப்?

உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது, இல்லாவிட்டால் டீ ஒழுகிவிடும். சூடான தண்ணீரை அதில் 15 நிமிடம் வைத்தால் 100 மில்லியில் சுமார் 25,000 நுண்துகள் இறங்குகிறது என்று ஐ.ஐ.டி. கரக்பூர் ஆய்வு சொன்னது. கண்ணாடி கிளாஸ் கேளுங்கள், பெரும்பாலான கடையில் இருக்கும்.

ஓட்டல் நடத்துகிறோம். சாம்பாரை எதில் கட்டிக் கொடுப்பது?

தூக்குச்சட்டி கொண்டு வருகிறவருக்கு இரண்டு ரூபாய் குறைத்துப் பாருங்கள், அல்லது ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றுங்கள், வாடிக்கை மாறுவது உங்களுக்கே தெரியும். இட்லி, பொங்கல், பரோட்டாவுக்கு வாழையிலையோ மந்தாரை இலையோ போதும். நம்ம பக்கம் மந்தாரை இலை தைத்து விற்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், நாம்தான் வாங்குவதை நிறுத்திவிட்டோம். அந்த இலையை மாடு தின்றாலும் ஒன்றும் ஆகாது.

ஓட்டலைவிட மோசம் கல்யாண மண்டபம். பந்தி முடிந்ததும் என்ன நடக்கிறது என்று ஒரு தடவை நின்று பாருங்கள். மேசை விரிப்பை ஒரு ஓரத்திலிருந்து சுருட்டிக்கொண்டே வருவார்கள். இலை, எச்சில், குட்டித் தண்ணீர் பாட்டில், ஐஸ்கிரீம் கப், அந்தச் சின்ன ஸ்பூன், பீடா சுற்றிய கவர் எல்லாம் அதற்குள் போய் ஒரே உருளையாகி மண்டபத்துக்குப் பின்னால் விழும். வாழையிலை வாசனைக்குப் பின்வாசலில் மாடு ஏற்கெனவே காத்திருக்கும். செய்ய வேண்டியது ரொம்பச் சின்ன வேலை: சுருட்டுவதற்கு முன்னால் ஒரு ஆள் கூடையோடு போய் பாட்டிலையும் கப்பையும் பொறுக்கிவிட வேண்டும். மண்டபம் பேசும்போதே சமையல்காரரிடம் இதைச் சொல்லிவிடுங்கள், தனியாக ஒரு ஆள் கூலி போனாலும் பரவாயில்லை.

நாங்கள் பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்?

சில தெருக்களில் அப்படித்தான் நடக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். கேளுங்கள், புகார் கொடுங்கள். ஆனாலும் பிரிப்பதால் லாபம் உண்டு. சோறு ஒட்டாத, காய்ந்த கவரை எந்த மாடும் தேடி வராது. அலசிக் காயவைத்த பால் கவருக்கும் பாட்டிலுக்கும் காயலான் கடையில் விலை உண்டு, குழம்பு ஒட்டியதைத் தூய்மைப் பணியாளர்கூடக் கையில் எடுக்க முடியாது.

இதில் வேலூருக்கு ஒரு பெருமையும் இருக்கிறது. குப்பையை வீட்டிலேயே பிரித்தால் அதில் பணம் இருக்கிறது என்று வேலூர் சீனிவாசன் பல வருடமாகச் செய்து காட்டி, அந்த முறை வேறு மாநிலங்களுக்கும் போனது. கவர் கலக்காத காய்கறிக் கழிவு மாட்டுக்குத் தீவனம், அந்தச் சாணம் எரிவாயுவுக்கும் உரத்துக்கும். பிரித்துவிட்டால் குப்பையே மாட்டைக் காப்பாற்றும்.

பால் பாக்கெட், சிப்ஸ் பாக்கெட்டை என்ன செய்வது?

பால் பாக்கெட்டின் மூலையை முழுசாக நறுக்கி எடுக்காதீர்கள். பாதி வெட்டி அந்தத் துணுக்கு கவரிலேயே தொங்கும்படி விடுங்கள். தனியாக விழும் அந்த முக்கோணத் துணுக்கை யாரும் பொறுக்க மாட்டார்கள், பாத்திரம் கழுவும் தண்ணீரோடு சாக்கடைக்குப் போய்விடும்.

சிப்ஸ் பாக்கெட் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிய பல அடுக்கு, பிரிப்பது கஷ்டம், காயலான் கடையில் வாங்க மாட்டார்கள். அதைச் சிமென்ட் ஆலைக்கு எரிபொருளாக அனுப்புகிறார்கள். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் கழிவுப் பிளாஸ்டிக்கைத் தாரில் சேர்த்து ரோடு போடும் முறையைக் கொண்டு வந்தார், 2018-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இதற்கெல்லாம் முதலில் அது காய்ந்து, தனியாக வந்து சேர வேண்டும். உலகம் 2015 வரை தூக்கிப்போட்ட பிளாஸ்டிக்கில் மறுசுழற்சி ஆனது சுமார் 9 சதவீதம்தான், ஆகவே மறுசுழற்சிக்குப் போகும் என்ற தைரியத்தில் வாங்கிக் குவிக்க வேண்டாம்.

மாட்டைத் தெருவில் அவிழ்த்து விடுகிறவர் மேல் தப்பே இல்லையா?

இருக்கிறது. பொங்கல் நேரத்தில் எருது விடும் விழாவுக்குக் காளையைப் பேரீச்சம்பழம், பருத்திக்கொட்டை என்று ஊட்டி வளர்க்கிற அதே ஊரில், கறவை மாட்டைக் காலையில் பாலைக் கறந்துகொண்டு குப்பைத்தொட்டிக்கு அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் தீவன விலை ஏறிப் போச்சு, மேய்ச்சல் புறம்போக்கு பிளாட் ஆகிப் போச்சு, இரண்டு மாடு வைத்துப் பிழைக்கிறவரை மட்டும் திட்டி என்ன ஆகப் போகிறது. கட்டிப்போட வேண்டியது அவர் பொறுப்பு. அவிழ்ந்து வந்தாலும் சாகாமல் திரும்பும்படி தெருவை வைத்திருப்பது நம்ம பொறுப்பு.

கண்ணெதிரே மாடு கவரைத் தின்கிறது. என்ன செய்யலாம்?

விரட்டிவிட்டு நகர்ந்தால் அது சுற்றி வந்து மறுபடி தின்னும். கவரை அவிழ்த்தோ கிழித்தோ சோற்றைத் தரையில் கொட்டிவிட்டு, கவரைக் கையோடு எடுத்துப் போங்கள். நுனி மட்டும் வாயில் இருந்தால் மெதுவாக இழுக்கலாம், பாதிக்கு மேல் தொண்டைக்குள் போயிருந்தால் வெடுக்கென்று இழுக்காதீர்கள், கடியும் படும், தொண்டையும் கிழியும். மாட்டுக்காரர் யார் என்று தெரிந்தால் சொல்லிவிடுங்கள், நாலு நாள் தீனி எடுக்கிறதா என்று பார்க்கட்டும். மாடு படுத்துவிட்டது, வயிறு உப்பி மூச்சு வாங்குகிறது என்றால் கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962, இலவச எண்தான்.